நூலின் மறுமுனை

இழுத்த நூல் விரலில் தட்டுப்பட்டது. அது தட்டுப்பட வழியே இல்லை.

ரோபோ ஒபரேஷன் பழகுகிற மெஷின் அது. திரைக்குள் தலையைக் கொடுத்து, இரு பிடிகளையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளினால் உள்ளே ஊசி அசையும்; தலையை எடுத்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். தசையும் படம், ஊதா நூலும் படம், கைக்கு ஒரு மண்ணும் தெரியாது. டொக்டர் சுதர்ஷினிக்கு அதுதான் தலைவலியே. நிஜ உடம்பில் பழகிய கை, இறுக்கத்தை விரலில் தேடித் தேடி ஒவ்வொரு தடவையும் நூலை அறுத்துத் தொலைத்தது. இன்றும் தேறாவிட்டால் கொழும்புப் பயிற்சி இடம் வேறு யாருக்கோ போய்விடும். இரவு முழுக்க வார்டில் நின்ற கால்கள் கடுகடுவென்று வலிக்க, தூக்கம் கண்ணுக்குள் மணலாய் அரிக்க, கடைசி வாய்ப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கைய மறந்துடுங்க டொக்டர், கண்ண மட்டும் நம்புங்க," என்று நூறாவது தடவையாகச் சொல்லிவிட்டு, மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நிப்ராஸ் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தான். பின்னேரமே பனி இறங்கி ஜன்னல்களை அடைத்துவிட்டது. வெளியே வாங்குப் பலகையில் அவளுடைய அம்மா வீரம்மா காத்திருந்தாள். மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்தவள், மகளோடு ஒரே பஸ்ஸில் நோர்வூட் திரும்பலாமென்று உட்கார்ந்துவிட்டாள். தேயிலைக் கொழுந்து பறித்தே மகளை டொக்டராக்கிய கைகள் இப்போது ஒரு கோப்பையைப் பிடிக்கவே சிரமப்பட்டன.

சுதர்ஷினி மறுபடி குத்தினாள். ஊசி மெத்தென்று இறங்கியது. இளஞ்சூடுகூடத் தெரிந்தது. இழுத்தாள்; போதும் என்று நூலே விரலுக்குச் சொன்னது. முடிச்சு விழுந்தது, நூல் அறுந்துபோகவில்லை. திரை மூலையில் மதிப்பெண் ஏறியது.

கதவுக்கு அப்பால் "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம்.

"என்னம்மா?"

"ஒன்னுமில்ல புள்ள. நீ முடிச்சிட்டு வா."

அட்டை கடித்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், கூடையோடு சரிவில் உருண்டாலும் அம்மாவுக்கு ஒன்றுமில்லைதான். அந்தச் சொல்லை நம்பி நம்பியே சுதர்ஷினி படித்து முடித்திருந்தாள். இப்போதும் நம்பினாள்.

அடுத்த தையல். அடுத்தது. கை தேறிக்கொண்டே வந்தது, மனசு லேசாகியது. ரோஜா நிறத் தசை மெல்ல மெல்லப் பழுப்பானதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடின, கொழுந்துக் கறை ஏறிய விரல் வெடிப்புகள் மாதிரி. ஸ்பிரிட் நெடியை மீறிப் பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. தூங்காத கண், தூங்காத மூக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

குத்தினாள். "ஸ்ஸ்..."

இழுத்தாள். "ஸ்ஸ்..."

நூல் துடித்தது. நாடி.

"அம்மா?"

"ஒன்னுமில்ல... புள்ள."

நிறுத்தியிருக்கலாம். ஐயோ, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு தையல்தான் பாக்கி.

போட்டாள்.

திரையில் 'தேர்ச்சி' என்று பச்சை எழுத்து மின்னியது. தலையை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா வாங்கில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகள். பத்து விரல்களும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. திரையில் பார்த்த அதே ஊதா நூல். ஒரு சொட்டு இரத்தமில்லை. முதல் தையல்கள் கொஞ்சம் கோணல். கடைசித் தையல்கள் அத்தனை அழகு.

"பாஸாகிட்டியா புள்ள?" அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

சுதர்ஷினியின் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத அறையில், டக் என்றது. திரும்பினாள். நாற்காலி காலி. பிடிகள் இரண்டும் தாமாக அசைந்தன. மெதுவாக. அவள் கிள்ளுகிற அதே கிள்ளல்.

"என்னம்மா இது... அம்மா..."

"அழாத புள்ள. ஒன்னுமி..."

அம்மாவின் கீழுதட்டோரம் மட்டும், யாரோ கிள்ளிப் பிடித்ததுபோல, மெல்ல மேலே எழும்பியது. சுதர்ஷினியின் வெறும் விரல்களில் இளஞ்சூடு தெரிந்தது.