உதட்டோரக் குறுகுறுப்பு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உதட்டோரம் லேசாகக் குறுகுறுத்தது. கரையான்காரருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. போன புண்ணின் பொருக்கு நேற்றுதான் உதிர்ந்தது, அதற்குள் அடுத்ததா?

ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, துளை போட்டு, மருந்தேற்றிக் கரையானை ஒழிக்கிற மனுஷர். சொந்த முகத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பதை மட்டும் கிளப்ப முடியவில்லை. களிம்பு, மாத்திரை, பத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. போன புண் கிளம்பிய அன்றே, நர்ஸாக இருக்கும் மைத்துனி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“அந்தக் கிருமி போகாது மாமா. காதுக்கு முன்னால, நரம்போட வேர்ல, செல்லுக்குள்ள சத்தமில்லாம படுத்திருக்கும். மாத்திரை, அது வெளிய வந்து பெருகுறதைத்தான் அடக்கும், தூங்குறதை ஒண்ணும் பண்ணாது. பச்சைக் குழந்தைகிட்ட வாயைக் கொண்டுபோயிடாதீங்க. உயிருக்கே ஆபத்து.”

அவரும் கேட்டுக்கொண்டார். புண் ஆறும்வரை முன்னறையில் தனியாகப் படுத்தார். முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பெற்ற மகளைக் கதவோரம் நின்று திருடனைப் போல எட்டிப் பார்த்தார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

இன்று வீடு என்னவோ போலிருந்தது. மழைக்கு முந்தைய மங்கலான வெளிச்சம், காயாத துணிகளின் வாடை, மின்விசிறியின் நறநறப்பு, உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்; இத்தனைக்கும் நடுவே தொட்டிலிலிருந்து வழக்கமாக வரும் சிணுங்கல் மட்டும் இல்லை.

“காலைலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குறா. எழுப்பினாலும் தூங்கிட்டே இருக்கா,” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

கவசத்தை மாட்டிக்கொண்டு தொட்டிலருகே குனிந்தார். காய்ச்சலா என்று பார்க்கக் கை நீண்டது, பாதியில் நின்றது. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த விரல்களில் மருந்து நாற்றம் போகாது. அதற்குப் பயந்து மகளை அவர் வெறுங்கையால் தொட்டதே இல்லை. சூடு பார்ப்பதென்றால் உதட்டை வைத்துத்தான் பார்ப்பார்.

பார்த்திருந்தார்.

போன புண் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். மைத்துனி எதுவும் சொல்லியிராத சாயங்காலம். உதடு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் குறுகுறுப்பு மட்டும். சுவர்த் தூசி என்று நினைத்தார். நெற்றியில் ஒருமுறை. மூடிய இமைமேல் ஒருமுறை.

சுவரில் மண்கோடு தெரியாததால் உள்ளே கரையான் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லித்தான் அவர் சம்பாதித்தார்.

திரையை விலக்கினார். வெளிச்சம் தொட்டிலில் விழுந்தது. மகள் முகம் சுளிக்கவில்லை. அசையவில்லை. மூச்சு இருந்தது. மெதுவாக.

இன்னும் கிட்டே குனிந்தார்.

இடது இமை. அதன் ஓரம். கடுகளவு நீர்க்கொப்புளங்கள். நெருக்கமாக. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

கவசத்துக்குள்ளே உதடு மறுபடியும் குறுகுறுத்தது.