நகலில் கூடிய மூச்சு

நகலில் ஒரு மூச்சு கூடுதலாகக் கேட்டது.

ஆல்டன் ஒலிப்பதிவுக் கருவியின் ஊசியைத் தூக்கிவிட்டுப் புனலில் காதை வைத்தான். நகல் எடுத்தால் ஒலி தேயும். அந்த நியூ ஜெர்சிப் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. கூடியதாக யாரும் சொன்னதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் இல்லை. மகள் லோட்டி தொண்டை அடைப்பான் நோயில் செத்துப்போவதற்கு முன் இதே புனலில் பேசிப் பதிந்த ஒரே மெழுகு உருளை அது. ஓட்டும்போதெல்லாம் ஊசி அவள் குரலைச் சுரண்டிக்கொண்டே வந்தது. பாவி மனசு பொறுக்காமல்தான் புது முறைக்குத் துணிந்தான். உருளைமேல் பொன்முலாம், அதன்மேல் கனமாகச் செம்பு. பிறகு உள்ளிருக்கும் மெழுகை உடைத்தெடுத்துவிட்டு, அந்த அச்சில் நகல் வார்ப்பது.

"அவளை இன்னொரு தடவை புதைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி கொர்னீலியா. "இருட்டுன்னா அவளுக்கு எவ்வளவு பயம்!"

"புதைக்கிறதில்ல கொர்னீலியா, காப்பாத்துறது."

மூன்றாவது நகலை வார்த்ததும் அச்சு பிளந்தது. இந்த மூன்று நகல்கள்தான் இனி லோட்டி.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அடுப்புக் கரியும் அமிலமும் உருகிய மெழுகும் கலந்த வாடையில், இரண்டாவது நகலை ஓட்டினான். "அப்பா, தூங்கப் போறேன். விளக்கை அணைச்சிடாதீங்க." அவள் பேசியது அவ்வளவுதான். ஆனால் ஊசி மேலும் ஓடியது. அந்த மூச்சு. அதன் பின்னால், செம்பை உள்ளிருந்து நகத்தால் பிறாண்டும் சத்தம்.

முதல் நகலைப் போலவே இதையும் பெட்டியில் போட்டு மூடினான். மூன்றாவதை ஓட்டினான்.

"அப்பா? யாருப்பா மூடினது?"

ஊசியைப் பிடுங்கினான். குரல் நிற்கவில்லை. மூடிய பெட்டிகளிலிருந்தும் வந்தது.

"இருட்டா இருக்குப்பா."

மூடிகளைப் பிய்த்தெறிந்தான். "இதோ, திறந்துட்டேன் கண்ணு."

"இன்னும் இருட்டுதான்."

விளக்கைக் கிட்டக் கொண்டுபோனான். மெழுகு வியர்த்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இன்னும் ஒரு விரற்கடை போனால் குரல் மொத்தமும் வழிந்துபோகும். பிறகு அவளைக் கேட்க உலகத்தில் எதுவும் இருக்காது.

"கிட்ட வாங்கப்பா. கொஞ்சம் தெரியுது."

மூன்றும் சொல்லின. ஒரே குரலில்.

வாய்விட்டு அழுதான். மூன்றையும் மடியில் அள்ளிக்கொண்டு சுடரை நெருக்கினான். கோடுகள் மழுங்கின. சொட்டின. லோட்டி சிரித்தாள், கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அப்படி. பிறகு சிரிப்பும் கரைந்தது.

நிசப்தம்.

அவன் விளக்கை அணைக்கவில்லை. உள்ளங்கையில் வழிந்த மெழுகு பழுப்பாக உறைந்தது.

பிறகு, மெல்ல, மூச்சுவிட்டது.