நீலக் கிழிசல் கட்டிய குச்சி

பொம்மனஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, புழுதிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து, உத்தமன் தொங்கல் பாறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பாறை அப்படியேதான் இருந்தது. இரண்டு லாரிகளைச் சேர்த்து நிறுத்தினாற்போல ஒரு கல், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக் கல்லின் மேல் ஒருக்களித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையானால் ஆடுகோடிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாய் வந்து, தாங்கள்தான் அதைத் தாங்குவதுபோல் கையை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இனி வரமாட்டார்கள். இடத்தை வாங்கியவர் மனை பிரிக்கப்போகிறார்.

பாறையை வெடிவைத்துத் தகர்க்கத் துளை போட ஆள் வேண்டுமென்று மேஸ்திரி மைக்கேல்ராஜ் சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு வருஷமாய் இந்தத் திசையே எட்டிப் பார்க்காத உத்தமன் உடனே கிளம்பிவிட்டான். பாறையும் போய்விட்டால் அவன் பெண்டாட்டி சரசு செத்த இடம் இதுவென்று காட்ட மண்ணில் ஒன்றும் மிச்சமிருக்காது.

பாறைக்குப் பின்னால் கல் உடைக்கும் பள்ளம். பாறையடிச் சந்தில் குனிந்து நுழைந்துதான் போகவேண்டும். நுழைகிற ஒவ்வொருவரும் ஒரு குச்சியைப் பாறைக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். குச்சியா பாறையைத் தாங்கப்போகிறது? அது ஆள் அடையாளம். வெளியே வரும்போது அவரவர் குச்சியை அவரவரே உருவிக்கொள்ள வேண்டும். ஒரு குச்சிகூட நிற்கவில்லை என்றால்தான் மேஸ்திரி திரியில் நெருப்பு வைப்பார்.

சரசு கல் சுமந்தவள். தன் குச்சியில் பழைய புடவையின் நீலக் கிழிசலைக் கட்டி வைத்திருப்பாள். வயிற்றில் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது அவளுக்குக் குனிந்து எடுக்க முடியவில்லை. அவள் குச்சியையும் சேர்த்து உத்தமனே உருவ ஆரம்பித்தான்.

அவள் செத்த அன்றைக்கும் உருவினான். "நீ நட, பின்னாலயே வர்றேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சந்தைத் தாண்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பானையில் வாய் வைத்தபோது வெடித்தது. கல்லைப் புரட்டி எடுத்தபோது அவள் கையில், கல் சுமக்கத் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணி இருந்தது. மறந்துவிட்டு வந்ததை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறாள்.

குச்சி வைக்காமல் போன பொம்பளை என்று எல்லோரும் அவளைச் சொன்னார்கள். அவளைப் பெற்றவர்களும் அதையே சொல்லி அழுதார்கள். உத்தமன் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் பாறையின் பின்பக்கமாய்த்தான் துளை. மேஸ்திரியும் அவனும் ஆளுக்கொரு குச்சியை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கம்பியைத் திருகித் திருகி அடிக்கையில், பள்ளத்து மூலையில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்டது. இவன் நிறுத்தினால் அதுவும் நின்றது. பொட்டுக் காற்றில்லை. ஈரத் துணியின் வாடை மட்டும் வந்தது, தண்ணீரில் நனைத்துத் தலையில் வைத்த சும்மாட்டு வாடை.

துளையில் வெடிமருந்தைக் கெட்டித்து, திரியை முன்பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மேஸ்திரி தன் குச்சியை உருவினார். உத்தமனும் உருவினான்.

இன்னொரு குச்சி நின்றது.

அதில் நீலக் கிழிசல்.

"எவன்டா வெச்சது?" மேஸ்திரி பிடித்து இழுத்தார். விரல் கனம்தான் இருக்கும். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். பாறையோடு பிறந்ததுபோல் நின்றது. "கெடக்குது வுடு. நாம ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சு. ஆயித்து." தீப்பெட்டியை எடுத்தார். "இப்படி ஒரு குச்சிய அன்னிக்கு உன் பொண்டாட்டி வெச்சிருந்தா, இன்னிக்கு இருந்திருப்பா."

தீக்குச்சி உரசிப் பற்றிக்கொண்டது.

சந்துக்குள்ளிருந்து, மூச்சு வாங்குகிற குரலில்:

"பின்னாலயே வர்றேன்."

மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. திரியின் பக்கம் குனிந்தார். உத்தமன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி. அவ வெச்சிருந்தா. நான்தான் எடுத்தேன்."

நெருப்பு மேஸ்திரியின் விரலைத் தொட்டு அணைந்தது. அவர் கையை உதறக்கூட இல்லை. அவன் முகத்தையே பார்த்தார்.

"ஆறு வருசமாடா?"

உத்தமன் மண்டியிட்டு, அந்தக் குச்சியை இரண்டு விரலால் தொட்டான். இழுக்கக்கூட இல்லை. தானாகவே கையில் வந்து விழுந்தது. ஈரமாய், அப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு விட்டதுபோல் சூடாய் இருந்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் அழுதான். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் அழுகை.

பின்னால் மேஸ்திரி திரியைச் சுருட்டத் தொடங்கினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனவன் மறுபடி குனிந்தான்.

குச்சி இருந்த இடத்துக்குப் பின்னால், இருட்டில், இன்னொன்று இருந்தது. சுண்டுவிரல் நீளம். நுனியில் நூலளவு நீலம்.

உத்தமன் கையை நீட்டினான்.

அது வரவில்லை.