ஈரம் காயாத தாள்கள்

கொட்டுகிற மழையில் குடையை மூட்டைக்குப் பிடித்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஆய்வுக்கூட வாசலில் நின்றான் அவன்.

"நனையக் கூடாதது நீங்களா, மூட்டையா?" கேட்டேவிட்டாள் ஆராய்ச்சி மாணவி.

"நான் காஞ்சுடுவேங்க... இலை அழுகிடும்."

வழக்கமாக மூலிகை கொண்டு வருவது அவன் அக்கா. அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் அவனே வந்திருந்தான். இமையில் நீர் சொட்ட அவன் சிரித்தபோது... போச்சு! அன்று முழுக்க அவளுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை.

இலைச்சாற்றை எத்தனாலில் கலந்து, பொட்டளவு தாள்களில் சொட்டவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே கிருமி பூசிய தட்டில் வைக்க வேண்டும். சாற்றுக்கு வீரியம் இருந்தால் தாளைச் சுற்றிக் கிருமி வளராது. வட்டமாகத் தெளிந்து நிற்கும். வெறும் எத்தனால் தொட்ட தாள் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவளோ அந்தக் கண்களை நினைத்துக்கொண்டே ஈரத் தாள்களை வைத்துவிட்டாள். ஒப்பிட வேண்டிய எத்தனால் தாளையும் மறந்தாள். மறுநாள் தட்டெங்கும் அழகழகான வட்டங்கள்! துறைத் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கைதட்டலில் அவள் கால் தரையில் பாவவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த மூட்டையோடும் அவனே வந்தான்.

"அக்காவுக்கு இன்னும் சரியாகலையா?"

"அவ ஓடியாடிட்டு இருக்கா... எனக்குத்தான் சரியில்ல."

முகம் சிவக்க உள்ளே ஓடினாள்.

இந்த முறை தாள்களை ஒழுங்காகக் காயவைத்தாள். வட்டம் ஒன்றுகூட இல்லை. தலைவர் முறைத்தார். பயத்தில் அவள் பழியைப் போட ஆள் தேடினாள். அவனை வரவழைத்து, எல்லோர் எதிரிலும், "வேற எதையோ கலந்து குடுத்திருக்கீங்க... நம்பினதுக்கு நல்லா செஞ்சீங்க!" என்றாள்.

அவன் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

முதல் மூட்டை இலையின் மிச்சச் சாற்றை எடுத்து மறுபடி செய்து பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. காய்ந்த தாளில் வட்டமில்லை. வெறும் எத்தனாலை ஈரத்தோடு வைத்த தாளைச் சுற்றி... பளிச்சென்று வட்டம். அன்று கிருமியைக் கொன்றது எத்தனால்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று கைதட்டியவர்கள் முகத்தை நினைத்தாலே உடம்பு கூசியது. ஐந்தாம் நாள் தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டாள்.

"எல்லார் முன்னாடியும்தானே அவரைப் பேசினே? இதையும் அப்படியே சொல்லும்மா."

காது மடல் எரிய எரியச் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்கு ஓடினாள்.

அங்கே ஒரு பாத்தி முழுக்க வெறும் மண்.

"பிடுங்கிட்டேங்க. செடியிலேயே ஏதோ கலப்பு வந்துடுச்சு போல..."

"ஐயோ! யாரு சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க. படிச்சவங்க, தெரியாமலா சொல்வீங்கன்னு..."

அவளுக்கு அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. திக்கித் திணறி நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அப்போ அந்த இலைக்கு வீரியமே இல்லையா?"

"இல்ல..."

"அப்ப பிடுங்கினது நல்லதாப் போச்சு!"

"சிரிக்காதீங்க... நாலு வார்த்தை திட்டிடுங்க. தாங்க முடியல."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "தாள் காயக் கொஞ்ச நேரம்... அதுக்குள்ள அப்படி என்னங்க அவசரம்?"

இதை மட்டும் அவள் தலைவரிடம்கூடச் சொல்லவில்லை. தலை தானாகக் குனிந்தது.

"அவசரம் இல்ல... உங்களையே நெனச்சுட்டு இருந்தேன். காயணும்கிறதே மறந்துபோச்சு..." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்னா... சொல்றேன்."