சென்ட் தண்ணி

சுவரில் ஒரு கைத்தடம் ஈரமாக இருந்தது.

பாலுசாமி குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மனைவி சென்னியம்மாள் பொள்ளாச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டை ஒட்டிய பம்ப் கம்பெனி பூட்டிக் கிடந்தது. கரண்ட் போய் ஃபேன் சத்தமும் நின்று, காய்ந்த தென்னை மட்டை எங்கோ உரசுவதும் குழாய் சொட்டுவதும் மட்டுமே கேட்ட அந்த மங்கலில், ஐந்து விரலும் விரிந்து, அப்போதுதான் யாரோ ஊன்றிவிட்டு எடுத்த மாதிரி பளபளத்தது அந்தத் தடம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனிகள் மங்கின. உள்ளங்கை சுருங்கியது. சுவர் காய்ந்துவிட்டது.

தண்ணீர் அப்படிக் காயாது.

பிறகு வாசம் வந்தது. தித்திப்பான, மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் வாசம்.

அந்த வாசம் அவருக்குத் தெரியும். பம்ப் பாகங்களில் கிரீஸ் கழுவ பீப்பாயில் வரும் பென்சீன். பீப்பாயில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. ஆட்கள் பயப்படுவார்கள் என்று, பம்ப்புக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை அதன்மேல் பாலுசாமியே பூசினார். ஆட்கள் அதற்குச் சென்ட் தண்ணி என்று பேர் வைத்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் வரிசையாக நின்று அதிலேயே கை கழுவினார்கள். ஒரே துடைப்பில் கை வெளுத்துவிடும்.

பாகம் கழுவும் தொட்டியடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேலுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனார்கள். அப்புறம் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டதில்லை. மாசாணம்தான் அதிக நாள் நின்றான்.

"பல்லு வெளக்குனா ரத்தமா வருதுங்க மொதலாளி."

"கரும்பு கடிச்சிருப்பே. போய் வேலையப் பாரு."

கையெல்லாம் கன்றி நீலம் பாய்ந்து வந்தபோது பாலுசாமிக்குச் சிரிப்பு வந்தது. "என்றா, ஊட்டுல அம்மணி சாத்துறாளாட்ட இருக்குது?" கம்பெனியே சிரித்தது. மாசாணமும் சிரித்தான். ஈறெல்லாம் ரத்தம்.

மாசாணத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமே வற்றிப்போச்சு என்றார் டாக்டர். எதில் வேலை செய்தான் என்று போனில் கேட்டார்.

"கெரசின்தானுங்க" என்றார் பாலுசாமி.

மாசாணத்தின் காரியம் முடிந்ததும் அவன் மனைவி பொற்கொடி கம்பெனி கேட்டில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பீப்பாயில இருக்கறது என்னங்க?"

"கெரசின்."

"தெனம் கெரசின்ல அடுப்பெரிக்கறவகிட்டயே சொல்றீங்ளே." அவள் குரல் உயரவில்லை. "ஆனமலைக்குப் போயி ஆத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துட்டனுங்க. இனி நான் கேக்கமாட்டேன். அவ கேப்பா."

மிளகாய் பூசினால் அநியாயம் செய்தவன் உடம்பு எரியும் என்பார்கள். மூன்று மாதமாகப் பாலுசாமி எரிச்சலுக்குப் பயந்து கிடந்தார். ஒன்றும் எரியவில்லை. தைரியம் வந்தது. மாசாணத்துக்குப் பிறகு தொட்டியடியில் நின்ற தம்பிதுரையை முந்தாநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அதே டாக்டர் மறுபடியும் கேட்டார். தெரிந்தால்தான் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

"கெரசின்தானுங்க."

ஹாலுக்கு வந்தார். டி.வி. கண்ணாடியில் ஒரு கை. காய்ந்தது. நாற்காலி முதுகில் ஒரு கை. காய்ந்தது. ஒவ்வொன்றும் இன்னும் கிட்டத்தில்.

தோளில் ஏதோ பட்டது.

எரியவில்லை. குளிர்ந்தது.

"யாரது?"

"ஷிப்ட் முடிஞ்சுதுங்க மொதலாளி." முதுகுக்குப் பின்னால். பணிவான குரல். "கை தொடைக்கத் துணி இல்லீங்க."

கழுத்தில் ஒரு கை. நிதானமாகத் துடைத்தது. முழங்கையில் இன்னொன்று. அது வேறு ஆள். முதுகில் ஒன்று. வயிற்றில் ஒன்று.

திரும்பிப் பார்க்கவில்லை. போனுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி நம்பர். மணி அடித்தது.

"சொல்லுங்க பாலுசாமி." டாக்டர். "நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

"டாக்டர், அது கெரசின்..."

இல்லை என்ற சொல் வரவில்லை. வாய் நிறைந்தது. வெதுவெதுப்பாக. உப்பாக. ரிசீவரில் வழிந்தது.

கரண்ட் வந்தது.

எதிரே பீரோக் கண்ணாடி. அதில் அவர். கழுத்தில், கைகளில், பனியனுக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் ஐந்து ஐந்து விரல். நீலம். அவை காயவில்லை.

அவருக்குப் பின்னால் வரிசை. ஹால் தாண்டி, வாசல் தாண்டி, கம்பெனி கேட் வரைக்கும். முதலில் மாசாணம். ஈறு தெரியச் சிரித்தான். எல்லோரும் ஈரக் கையை நீட்டிக்கொண்டு, இடித்துத் தள்ளாமல், பொறுமையாக நின்றார்கள்.

கடைசியில் ஒருவன் இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி உடுப்பு. புறங்கையில் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்திரி.

தம்பிதுரை.

"ஹலோ?" என்றது போன். "கெரசின்... சொல்லுங்க?"

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.