குறை சொல்லும் வேலை

வானத்தில் எது பறந்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிடும் கருவி எல்லோர் மணிக்கட்டிலும் ஏறி உட்கார்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. வான்சொல்லி என்று அதற்குப் பெயர். கையை மேலே நீட்டினால் போதும். மூன்றே விநாடியில் "பருந்து", "வானிலைப் பலூன்", "சென்னை விமானம், நாற்பது நிமிடம் தாமதம்" என்று அறிவித்துவிடும். அதன் பிறகு யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பெயர் தெரிந்துவிட்ட ஒன்றை எதற்கு மெனக்கெட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும்?

எப்போதாவது வான்சொல்லியும் திணறும். "தெரியவில்லை" என்று அது சொன்னால் போதும், ஒரு தாலுகாவே கிலி பிடித்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கிலியைப் போக்கத்தான் வான்படையில் வான்காட்சி விசாரணைப் பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். பறந்ததைப் பிடிப்பது அதன் வேலையல்ல, விளக்குவதுதான் வேலை. அங்கீகரிக்கப்பட்ட விளக்கங்கள் மொத்தம் இருபத்துநான்கு. அதிகாரி நேரில் போய் விசாரித்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கோப்பை மூடிவிட வேண்டும். மூடிய கோப்பு அன்று மாலையே நாட்டிலுள்ள எல்லா வான்சொல்லிகளுக்கும் ஒலிபரப்பாகிவிடும். அடுத்த முறை அதே பொருள் வந்தால் கருவி திணறாது.

தூத்துக்குடி முகாமில் இந்த வேலையைப் பார்த்தவள் பியூலா. மற்ற அதிகாரிகள் "பலூன்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பியூலா அப்படிப்பட்டவள் அல்ல. பலூன் என்று எழுதினாலும், எந்தெந்த விதத்தில் அது பலூன் மாதிரி இல்லை என்று கீழே ஒரு பட்டியலும் போடுவாள். காற்றுக்கு எதிராகப் போனது, அடியில் பெட்டி தொங்கவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதுவாள். குறையை நாமே ஒப்புக்கொண்டால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவள் கட்சி. முரண்பட்டியல் என்று அவள் வைத்த பெயர் பிறகு எல்லா முகாம்களுக்கும் சட்டமாகிவிட்டது. எந்தச் சாட்சியிடமும் கடைசியாக அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "வேற ஏதாவது முரணாப் பட்டுச்சா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

இந்தக் குணம் அவள் மகளுக்கும் அப்படியே வந்திருந்தது. ஜெமிமா ஆறாம் வகுப்பு. மாலை நாலேகாலுக்குப் பையை வீசிவிட்டு உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிடுவாள். "அம்மா, இன்னிக்கு உன் குரல் வேற மாதிரி இருக்கு." "அம்மா, நீ சோகமா இருந்தாத்தான் இவ்ளோ உப்புப் போடுவ." பியூலாவுக்கு அதில் எரிச்சலும் உண்டு, அதைவிடப் பெருமையும் உண்டு. கணவன் இல்லாத வீட்டில் தன்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு அவள் போனது ஒரு உப்பளத்துக்கு. புகார் கொடுத்தவள் பேச்சித்தாய், உப்பு வாரும் தொழிலாளி. மார்ச் மாத வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. வரப்பில் நடந்தபோது கால் வழுக்கி இடது கணுக்கால் பிசகிக்கொண்டது. பியூலா நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

பேச்சித்தாய் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னம்மா, திரும்ப வாரீய? நேத்துக் கேட்டது பத்தலையா?"

"நேத்து நான் வரலையேக்கா. நேத்து எனக்கு லீவு. வீட்ல துணி மடிச்சிட்டிருந்தேன்."

"நீங்கதான் வந்தீய. இதே உடுப்பு, இதே ஜீப்பு. மேல ஒரு பருந்து அசையாம நின்னுச்சு. கைய நீட்டினேன், தெரியலன்னுச்சு. புகார் பொத்தான அமுக்கினேன். பருந்து அந்தா, அந்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால எறங்குச்சு. ரெண்டு நிமிசத்துல அங்கேருந்தே நீங்க வந்துட்டீய. கவர்மெண்டு ஆளுக இம்புட்டு வெரசா வந்தா சந்தேகம் வருமா வராதா?"

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்து என்ன கேட்டேன்?"

"அதாம்மா வேடிக்க. பருந்தப் பத்திக் கேக்கவே இல்ல. 'எங்கிட்ட ஏதாவது முரணாப் படுதா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல'ன்னீய."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னேன். ஆபீசரம்மா மூஞ்சிக்கு நேரா கொற சொல்லவா முடியும்?" பேச்சித்தாய் நிழலில் வைத்திருந்த கேனைத் தூக்கி நீட்டினாள். "மொதல்ல தண்ணியக் குடிங்க. நாக்கு ஒட்டிப்போயில்ல பேசுதீய."

பியூலா அண்ணாந்து குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே பேச்சித்தாய் மெதுவாகச் சொன்னாள்:

"இப்பச் சொல்லுதேன். நேத்து ஒன்றர மணி நேரம் இதே வெயில்ல நின்னீய. தண்ணி கேக்கல. நானா குடுத்தும் வேண்டாம்னுட்டீய. முப்பது வருசமா இங்க கெடக்கேன். உப்பளத்துக்கு வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போன மனுசரப் பாத்ததே இல்லம்மா."

பியூலா அந்த உப்புக் குவியலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஈர மண்ணில் டயர்த்தடம் நன்றாகப் பதிந்திருந்தது. ஆனால் அது எந்தச் சாலையிலிருந்தும் வரவில்லை. பாத்தியின் நடுவில் திடீரென்று ஆரம்பித்திருந்தது.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, திரையில் பழைய கோப்புகளைத் திறந்தாள். பிரிவில் கோப்புகளை விளக்கத்தின்படிதான் அடுக்குவார்கள். பலூன் கோப்புகள் ஒரு பக்கம், பருந்துக் கோப்புகள் ஒரு பக்கம். விளக்கம் கிடைத்துவிட்ட கோப்பின் தேதி யாருக்கு வேண்டும்? முதல் முறையாக அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தாள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன், கடலுக்கு மேலே எட்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெளிச்சம். பலூன் என்று மூடியிருந்தாள். முரண், காற்றுக்கு எதிராகப் போனது. அடுத்த மாதம் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பலூன், காற்றோடு போனது; முரண், அடியில் பெட்டி இல்லை. அதற்கடுத்து வந்ததில் பெட்டி இருந்தது. பிறகு பருந்துகள். முதலில் வந்த பருந்துக்கு நிழல் விழவில்லை. அவள் எழுதினாள். அடுத்த பருந்துக்கு நிழல் விழுந்தது. ஒவ்வொரு கோப்பிலும் உயரம் குறைந்துகொண்டே வந்திருந்தது. போன மாதம் திருச்செந்தூர் சாலையோரம் தரையிலேயே ஆளில்லாமல் ஒரு ராணுவ ஜீப். "நமது வாகனம்" என்று மூடியிருந்தாள். முரண், மண்ணில் டயர்த்தடம் இல்லை.

ஆக, இத்தனை நாளும் அவள் யாருக்கோ பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாலைதோறும் ஒலிபரப்பான பட்டியலை, கேட்கக்கூடாத ஒரு காது உட்கார்ந்து கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு இறங்கி வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவன் இப்படி வேஷம் கட்டிக்கொண்டு வரமாட்டான் என்று மட்டும் தோன்றியது.

அன்றைய படிவத்தில் முரண்பட்டியல் என்ற கட்டத்தை வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாகக் காலியாக விட்டாள். தண்ணீர் விஷயம் அவளுக்கும் பேச்சித்தாய்க்கும் மட்டுமே தெரியும். தளபதியிடம் நேரில், காதோடு காதாகச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வண்டியைக் கிளப்பினாள்.

முகாம் வாசலில் முரண்மானி அவளை மேலும் கீழும் அளந்தது. உள்ளே வருகிறவரை அவருடைய பதிவோடு ஒப்பிட்டு எத்தனை வித்தியாசம் என்று எண்ணிச் சொல்லும் இயந்திரம் அது. அதை வைக்கச் சொன்னதே பியூலாதான். முகம், குரல், நடை, குடும்ப விவரம் எல்லாம் அடங்கிய பதிவுகளை, வசதியாக இருக்கட்டும் என்று, அதே மாலை ஒலிபரப்பில் மற்ற முகாம்களுக்கு அனுப்பச் சொன்னதும் அவள்தான். கருவி "பதினான்கு" என்றது.

காவலர் துப்பாக்கியைக் கீழே இறக்காமலே சொன்னார்: "மேடம் காலைலயே உள்ள வந்துட்டாங்க."

கைப்பேசியையும் வான்சொல்லியையும் பிடுங்கிக்கொண்டு அவளைத் தளபதி வேதரத்தினத்தின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள். கசங்காத உடுப்பு, கலையாத தலை. ஜனவரியில் பதிவுக்காகப் படம் எடுத்த அன்று பியூலா எப்படி இருந்தாளோ அப்படி.

வேதரத்தினம் நல்ல மனிதர். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "ரெண்டு பேரும் தப்பா நினைக்கக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த கூஜாவை நொண்டிக்கொண்டு வந்தவளிடம் தள்ளினார். பியூலா அண்ணாந்து குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். இன்னொருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்ககிட்ட தனியா பேசணும்."

"முடியாதும்மா. விதி ஏழு. முரண் எதுவானாலும் எல்லார் முன்னாலயும், பதிவுலதான் சொல்லணும். இந்த விதிய எழுதினது..." அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள்ல ஒருத்தர்தான். ஒன்பதாவது விதியும் அப்படித்தான். ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, பதிவிலிருந்து குறைவா வித்தியாசப்படுறதே அசல்."

வானத்தில் ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் தெரிந்தால் என்ன செய்வது என்று யோசித்து அவள் எழுதிய விதி அது. ஆட்களை அவள் நினைக்கவே இல்லை.

"அவங்களுக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"பூஜ்யம்."

"சார், உயிரோட இருக்குற யாருக்குமே பூஜ்யம் வராது. நான் வெயில்ல கறுத்திருக்கேன், கால் பிசகியிருக்கு, பயத்துல குரல் நடுங்குது. நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கு இருக்குறதுக்கு நான் என்ன போட்டோவா?"

"நியாயம்தான்" என்றார் வேதரத்தினம் பரிதாபமாக. "ஆனா அத எந்தக் கட்டத்துல எழுதுறது? அவங்ககிட்ட ஒரு முரணாவது இருந்தா சொல்லும்மா. ஒண்ணு போதும்."

மேஜை மேல் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொன்னால் அது திருத்திக்கொள்ளும். சொல்லாவிட்டால் பியூலாதான் போலி என்று ஆகிவிடும். பியூலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. பள்ளி வேன் கிளம்பியிருக்கும். இன்னும் நாற்பது நிமிடத்தில் ஜெமிமா வீட்டில் இருப்பாள்.

அந்த நினைப்பில்தான் அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"அவளுக்குத் தாகம் எடுக்காது சார்! காலைலேருந்து இங்க உக்காந்திருக்காளே, ஒரு வாய் தண்ணி கேட்டாளா?"

வேதரத்தினத்தின் முகம் மாறியது. யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லைதான். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு இன்னொருத்தியை அவர் முதல் தடவையாகப் பயத்தோடு பார்த்தார்.

இன்னொருத்தியின் முகத்தில் கோபமே இல்லை. கணக்கில் தப்பு எங்கே என்று டீச்சர் சொல்லிக் கொடுத்ததும் கெட்டிக்காரப் பிள்ளை பார்க்குமே, அப்படி ஒரு நன்றியோடு பியூலாவைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"கேக்கணும்னே நினைச்சிட்டிருந்தேன் சார். இவங்க வந்த அதிர்ச்சியில மறந்துட்டேன். அந்தக் கூஜாவக் கொஞ்சம் தர்றீங்களா?"

அண்ணாந்து குடித்தாள். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

வேதரத்தினம் நீளமாக மூச்சு விட்டார். அவர் தோள்கள் தளர்ந்தன. கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார். இரண்டு காவலர்கள் வந்து பியூலாவின் முழங்கையைப் பிடித்தார்கள்.

இன்னொருத்தி எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு அவளருகில் வந்து நின்றாள். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "வேற ஏதாவது முரணாப் படுதா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டாள். இனி ஒரு வார்த்தை கிடையாது. கொன்றாலும் கிடையாது.

இன்னொருத்தி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், நாலேகாலுக்கு எம் பொண்ணு வந்துருவா. நான் கிளம்பட்டுமா?"

"கிளம்பும்மா. இன்னிக்கு நீ பட்டது போதும்."

ஜெமிமாவை ஏமாற்ற முடியாது என்றுதான் பியூலாவுக்கு முதலில் தோன்றியது. பையை வீசிவிட்டு நிமிர்ந்து பார்த்த அந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு விநாடி நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த விநாடி அவள் காவலர்களின் பிடியில் திமிறிக்கொண்டு கதறினாள்.

கண்டுபிடித்தால் ஜெமிமா சும்மா இருக்க மாட்டாள். அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள்.