மடிப்புக் கலையாத துணி

ஊரடங்கிய நேரத்தில் அக்கா மகள் கதவைத் தட்டவும், மின்விபத்துகளைத் துப்புத் துலக்குவதே தொழிலான சித்தி முதலில் தண்ணீர் கொடுத்தாள். சித்தப்பாதான் தூக்கக் கலக்கத்திலும் துள்ளினார்: "கேஸா?"

பல்கலைக்கழகத்தில் சோலார் மின்சாரப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த அந்தப் பதினேழு வயதுப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆராய்ச்சி பண்ற அண்ணன் கை வெந்துபோச்சு சித்தி. மத்தியானம் மொட்டை மாடியில பேனல் வயரை மாத்தணும், கீழ போய் மெயின் சுவிட்ச அணைன்னாரு. அணைச்சேன். உடனே மேல தீ. நான் அணைக்கவே இல்லேங்கிறாரு. காலையில புரொபசர் என்னைப் பயிற்சியிலேர்ந்து நிறுத்திடுவாரு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு... அணைச்சேனா?"

"சுவிட்சுல கைரேகை எடுத்துடலாம்!" என்றார் சித்தப்பா.

"தினம் பத்துப் பேர் தொடுற சுவிட்சு. சும்மா இருங்க. ஏண்டி, தீயை யார் அமுக்கினது?"

"நான்தான். பேனல் மூடுற கனத்த கறுப்புத் துணி கீழ அலமாரியில இருந்துச்சு. மடிப்போட தூக்கிட்டு ஓடினேன்." பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். "இது அவர் கையிலேர்ந்து விழுந்தது. பயத்துல எடுத்துட்டு வந்துட்டேன்."

பிளேயரின் வாயில் இரும்பு உருகி, பல் விழுந்ததுபோல் ஒரு பள்ளம். சித்தி அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். "போய்த் தூங்கு."

காலையில் மூவரும் போனபோது, பல்கலைக்கழக மொட்டை மாடியில் புரொபசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெந்த கையில் கட்டோடு அந்த அண்ணன். கருகிக் கிடந்த சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தன.

"ரெண்டையும் ஒரே கடியில வெட்டினீங்களா தம்பி?" என்று கேட்டாள் சித்தி.

"ஆமா. அணைச்சாச்சுன்னு இவளை நம்பித்தானே!"

"அணைச்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சுவிட்ச அணைச்சா கீழ போற கரண்ட்தான் நிக்கும். வெயில் பட்டா பேனல் வேலை செஞ்சுகிட்டேதான் இருக்கும். ரெண்டு வயரையும் ஒரே இரும்பு கடிச்சா அது வழியாவே கரண்ட் பாயும். பிளேயர் வாய் உருகினது அதனாலதான். அதுக்குத்தானே முதல்ல பேனலைத் துணி போட்டு மூடுறது? சார், இந்தப் பொண்ணு தீயை அமுக்க ஓடினப்ப அந்தத் துணி எங்க இருந்துச்சு?"

"அலமாரியில," என்றார் புரொபசர் மெல்ல. "இவ தூக்கிட்டு ஓடினதை நானே பாத்தேன். மடிப்புக்கூடக் கலையாம."

அண்ணன் தலை கவிழ்ந்தது. "சின்ன வேலைதானேன்னு மூடாம விட்டுட்டேன் சார். கை எரிஞ்ச எரிச்சல்ல பழியை இவ மேல போட்டேன். மன்னிச்சுக்கம்மா."

"சூரியனுக்கே சுவிட்சு இருக்குன்னு நெனச்சுட்டாரு பாரேன்," என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

"அப்ப நான் அணைச்சேனா, இல்லையா சித்தி?"

"அது எனக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

புரொபசர் தொண்டையைச் செருமினார். "பயிற்சிக்கு வந்தவதானே? வயரை நீயே மாத்து. நான் கூட நிக்கிறேன்."

அவள் கறுப்புத் துணியின் கருகிய மூலையை உள்ளே மடித்துவிட்டு, ஒளி புகாமல் பேனல்களை மூடினாள். கீழே போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே வந்தாள். வேறொரு பிளேயரை எடுத்தவள், கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை போய்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தாள்.